விளைச்சல் கூடியும் விவசாயி ஏன் பழைய முறைக்குத் திரும்புகிறார்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: ஒரு புதிய சாகுபடி முறை விதைச் செலவைக் குறைக்கிறது, தண்ணீரை மிச்சப்படுத்துகிறது, விளைச்சலையும் கூட்டுகிறது. ஆராய்ச்சிப் பண்ணையில் மட்டுமில்லாமல் விவசாயியின் வயலிலேயே இது தெரியவருகிறது. அப்படியிருந்தும் இரண்டு மூன்று போகம் செய்துபார்த்தவர்கள் ஏன் அதை விட்டுவிடுகிறார்கள்?

வழக்கமாக வரும் பதில், 'விழிப்புணர்வு போதவில்லை'. செய்தே பார்க்காதவருக்கு அது பொருந்தலாம். செய்துபார்த்து, மாவுக்கு (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு நிலம்) நாலு சிப்பம் (40 கிலோ நெல் மூட்டை) கூடுதலாகக் கண்டு, அதன் பிறகும் விட்டவருக்கு எப்படிப் பொருந்தும்? அவருக்கு அந்த முறையைப் பற்றி வேளாண் அலுவலரைவிட நன்றாகவே தெரியும். நட்ட கை, களை ஓட்டிய தோள் எல்லாம் அவருடையது. எனவே அவருக்குத் தெரியாதது என்ன என்று தேடுவதை விட்டு, அவருக்குத் தெரிந்து நமக்குத் தெரியாமல் போனது என்ன என்று தேடுவதுதான் சரி.

எல்லாத் தொழில்நுட்பங்களையும் சேர்த்துப் பொதுவாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது. நான் ஓரளவு நெருக்கமாக அறிந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: காவிரி டெல்டாவில் ஒற்றை நாற்று நடவு. திருந்திய நெல் சாகுபடி, செம்மை நெல் சாகுபடி என்று வேளாண் துறை அழைத்ததும், 2010-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டை ஒட்டி 'ராஜராஜன் 1000' என்று அரசு பெயர் சூட்டியதும் இதே முறைதான்.

இதன் ஊர் மடகாஸ்கர். அங்கே பணியாற்றிய ஹென்றி டி லௌலானி என்ற பிரெஞ்சு சேசு சபைப் பாதிரியார் 1980-களின் தொடக்கத்தில் விவசாயிகளோடு சேர்ந்து இதை உருவாக்கினார். கார்னெல் பல்கலைக்கழகத்தின் நார்மன் அப்ஹாஃப் உலகெங்கும் கொண்டுபோனார். தமிழ்நாட்டில் 2000 வாக்கில் வேளாண் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டி.எம். தியாகராஜன் முன்னின்று சோதனைகள் தொடங்கினார். 2003-04-ல் தாமிரபரணிப் படுகையிலும் காவிரிப் படுகையிலும் தலா 100 விவசாயிகளின் வயலில் வழக்கமான முறையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். எக்டேருக்குச் சராசரியாக சுமார் 1.5 டன் கூடுதல். டெல்டாக் கணக்கில் சொன்னால் மாவுக்கு 200 கிலோ, அதாவது 40 கிலோ சிப்பம் ஐந்து. சின்ன விஷயமில்லை. அதன் பிறகு உலக வங்கிக் கடனில் 2007-ல் தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டத்திலும் இது முக்கிய இடம் பிடித்தது.

செய்முறையைத் தெரியாதவர்களுக்காக: 14 நாள் நாற்று, குத்துக்கு (நாற்றை ஊன்றும் ஒவ்வோர் இடத்துக்கும்) ஒன்றே ஒன்று, 22.5 சென்டிமீட்டருக்கு ஒன்று என்று சதுரமாக நடவு. ஏக்கருக்குச் சுமார் 80,000 குத்து. விதை 2 முதல் 3 கிலோ போதும். வழக்கமான நடவுக்கு 25, 30 கிலோ போடுவார்கள். நாற்றங்கால் ஏக்கருக்கு 8 சென்டுக்குப் பதில் 1 சென்ட். பத்து நாளுக்கு ஒரு முறை கோனோ வீடர் என்ற கையால் தள்ளும் களைக்கருவியைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டிக் களையைச் சேற்றில் அமுக்க வேண்டும். தண்ணீரைத் தேக்கி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கொடுக்க வேண்டும். இளம் வயதில் இடம் மாறிய நாற்றுக்கு வேர் அதிகம் அறுபடாது, சுற்றிலும் வெளிச்சமும் காற்றும் கிடைக்கிறது, தூர் கட்டித் தள்ளுகிறது. நடவுக்குப் பிறகு ஒரு மாதம் வரை வயல் காலியாகக் கிடப்பது போல இருக்கும். பார்க்கிற சொந்தக்காரர்கள் எல்லாம் "என்னப்பா, நாத்துக்குப் பஞ்சமா?" என்று கேட்பார்கள். ஐம்பதாம் நாளில் அதே வயலைப் பார்த்து வாயடைத்துப் போவார்கள்.

இவ்வளவும் உண்மை. இனி மறுபக்கம்.

முதலில் நாற்றங்கால். ஆற்றுப்பாசன விவசாயிக்கு நாற்றங்கால் என்பது நாற்று வளர்க்கும் இடம் மட்டுமில்லை, காத்திருக்கும் இடமும்கூட. மேட்டூர் ஜூன் 12-ல் திறக்க வேண்டும் என்பது மரபு. திறப்பதும் திறக்காததும் அணையில் இருக்கும் தண்ணீரைப் பொறுத்தது. திறந்தாலும் கல்லணை தாண்டிக் கிளை ஆறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று இறங்கிக் கடைமடைக்கு வந்து சேர நாளாகும். இடையில் முறைவைத்து விட ஆரம்பித்தால் இன்னும் தள்ளும். பழைய முறையில் இந்தத் தாமதத்தை நாற்றங்கால் தாங்கிக்கொள்ளும். சிஆர் 1009 போன்ற நீண்டகால ரகம் என்றால் 30 நாளில் பறிக்க வேண்டியதை 40 நாளில் பறித்தாலும் பயிர் பிழைத்துவிடும். விளைச்சல் கொஞ்சம் அடிவாங்கும், அவ்வளவுதான்.

ஒற்றை நாற்று நடவுக்கு விடும் பாய் நாற்றங்காலில் இந்த வசதி கிடையாது. பிளாஸ்டிக் விரிப்பின் மேல் இரண்டு அங்குலத்துக்கும் குறைவான மண்ணில் வேர் பின்னி வளரும் நாற்று, மூன்றாவது வாரம் தாண்டினால் மஞ்சளிக்க ஆரம்பிக்கும். வயது ஏற ஏற இந்த முறையின் பலனும் போய்விடும். ஆக, விதைத்த பதினான்காம் நாள் வயலில் தண்ணீர் இருக்க வேண்டும், சேற்றுழவு முடிந்திருக்க வேண்டும், பரம்படித்து மட்டம் செய்திருக்க வேண்டும், ஆள் வந்து நிற்க வேண்டும். டிராக்டர் வாடகைக்கு, நடவாள் பேச்சுக்கு, தண்ணீர் நீர்வளத் துறை கையில். நான்கும் ஒரே நாளில் கூடிவருவது சொந்த மோட்டாரும் சொந்த டிராக்டரும் உள்ளவருக்குச் சாத்தியம். மற்றவருக்கு அது ஒவ்வொரு போகமும் ஒரு பரீட்சை. ஒரு வருஷம் தேறலாம். அடுத்த வருஷம் ஆள் ஐந்து நாள் தாமதித்து வந்தால், அவர் மனதில் நிற்பது முந்தைய வருஷத்து ஐந்து சிப்பம் இல்லை, இந்த வருஷம் வாடிப்போன நாற்றங்கால்தான்.

சம்பா, தாளடிப் போகங்களில் வேறு சிக்கல். நடவு நடக்கும் காலம் செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். வடகிழக்குப் பருவமழை வந்து கொட்டுவது அதன் பின்னாலேயே. 30 நாள் நாற்று ஒரு முழ உயரம் நிற்கும்; ஐந்தாறு அங்குலத் தண்ணீர் நாலு நாள் நின்றாலும் தலை வெளியே தெரியும். 14 நாள் நாற்று நாலைந்து அங்குலம்தான். அதுவும் குத்துக்கு ஒன்று. வடிகால் தூர்ந்த ஊரில் ஒரு ராத்திரி மழை போதும். குத்துக்கு நாலைந்து நாற்று வைப்பதை விதை விரயம் என்று நாம் புத்தகத்தில் எழுதுகிறோம். நண்டு வெட்டும், எலி வெட்டும், பள்ளத்தில் அழுகும், அத்தனையும் போக ஒன்றாவது நிற்கட்டும் என்று அவர் வைக்கிறார். அந்த 25 கிலோ விதையில் ஒரு பகுதியை அவர் கட்டும் காப்பீட்டுத் தவணை என்று பார்த்தால் கணக்கு சரியாக வரும். ஜூனில் தொடங்கும் குறுவைப் போகத்தில் பம்புசெட்டை நம்பிச் செய்தவர்களிடம் இந்த முறை கூடுதல் நாள் நின்றதற்கும், சம்பாவில் ஆற்றுத் தண்ணீரை நம்பியவர்களிடம் நிற்காததற்கும் பெரிய காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது, நான் மிக முக்கியம் என்று கருதுவது. இந்த முறையைக் கைக்கொள்வதா வேண்டாமா என்பது விவசாயி தனியாக எடுக்கும் முடிவே இல்லை. நிலம் அவருடையது. நடும் திறமை நடவுக்கு வரும் பெண்களுடையது. டெல்டாவில் நடவு பெரும்பாலும் குத்தகைப் பேச்சு. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, ஆள் கூட்டி வரும் அம்மா தன் குழுவோடு வந்து இறங்குவார். காலையில் ஒரு வயல், மதியத்துக்குள் முடித்து அடுத்த வயல். அவர்களுடைய வேகம்தான் அவர்களுடைய கூலி. கைநிறைய நாற்றை வைத்துக்கொண்டு விரல் பழக்கத்தில் பின்வாக்கில் நட்டுக்கொண்டே போகிறவர்களிடம், கயிறு பிடி, மார்க்கர் போட்ட கோடு பார், கோடுகள் சந்திக்கும் இடத்தில் ஒரே ஒரு நாற்றை ஆழம் போகாமல் வை, வேரோடு ஒட்டிய மண் உதிரக் கூடாது, பாயிலிருந்து எடுத்த அரை மணிக்குள் நட்டுவிடு என்றால் அவர்களுக்கு நாள் முழுக்கப் போய்விடும். பழகிய பிறகு வேகம் வரும் என்பது உண்மை. பத்துப் பதினைந்து வயல் நட்டால் கை பழகும், குத்து குறைவு என்பதால் ஆள்கூட மிச்சமாகும். ஆனால் அந்தப் பத்துப் பதினைந்து வயல் வரைக்குமான நட்டத்தை யார் ஏற்பது? கூடுதல் விளைச்சல் நிலக்காரருக்கு. மெதுவாக நட்ட கூலி இழப்பு நடவாளுக்கு. ஊரில் நாலு பேர் மட்டும் இந்த முறையைக் கேட்டால், குழு அந்த நாலு வயலையும் கடைசியில் வைக்கும். கடைசியில் வைத்தால் நாற்று வயது தாண்டும். சுற்றிச் சுற்றி அதே இடம்.

இதனால்தான், 'முதலில் ஒரு மா நிலத்தில் செய்துபாருங்கள்' என்ற நல்ல அறிவுரை இங்கே வேலை செய்யவில்லை. அமெரிக்காவின் அயோவாவில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் பரவியதைப் பற்றி ரயன், கிராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் 1943-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறைக்கே அடித்தளம். இரண்டு ஊர்களில் 259 விவசாயிகள். 1928-க்கும் 1941-க்கும் இடையில் இரண்டே பேர் தவிர அத்தனை பேரும் மாறிவிட்டார்கள். பெரும்பாலானவர்கள் முதல் வருஷம் நிலத்தில் ஒரு துண்டில் மட்டும் விதைத்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பைக் கூட்டினார்கள். விதையை அப்படிச் சோதிக்கலாம். பை மாறுகிறது, வேலை மாறவில்லை. ஒற்றை நாற்று நடவில் ஒரு மா சோதனைக்கும் தனி நாற்றங்கால், தனி ஆள், தனி நீர்ப்பாய்ச்சல் வேண்டும். சோதனைக்கான செலவு முழுச் சாகுபடிக்கான தொந்தரவோடு வருகிறது.

கோனோ வீடர் கதை கொஞ்சம் வேறு. கைக்களை காலங்காலமாகப் பெண்கள் வேலை. கருவி வந்ததும் பல ஊர்களில் அது ஆண்கள் வேலையாகிவிட்டது, கூலியும் ஆண் கூலியாகிவிட்டது. களிமண் வயலில், முழங்கால் சேற்றில் அதை நாள் முழுக்கத் தள்ளிப்பார்த்தவர்கள் இரண்டாம் நாள் வரத் தயங்குவார்கள். தண்ணீர் சரியாக மெல்லிய படலமாக நிற்க வேண்டும். காய்ந்தால் பல் இறங்காது, அதிகம் இருந்தால் களை மிதந்து மறுபடி வேர்விடும். நாலு ஓட்டு என்பது இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, பிறகு களைக்கொல்லி வந்து சேர்ந்தது. மண்ணைக் கிளறிவிட்டதால் கிடைத்த தூர் பலனும் அதோடு போயிற்று. விளைச்சல் ஏன் முதல் வருஷம் போல இல்லை என்று கேட்பவர்களுக்குப் பாதி விடை இங்கே இருக்கிறது.

தண்ணீர் மிச்சம் என்ற வாதத்தை நான் ஆரம்பத்திலிருந்தே சந்தேகத்தோடுதான் பார்த்தேன். மிச்சமாகிறதா என்றால், ஆகிறது. யாருக்கு மிச்சம் என்பதுதான் கேள்வி. போர்வெல் வைத்திருப்பவருக்கு விவசாய மின்சாரம் இலவசம்; ஒரு மணி நேரம் குறைத்து ஓட்டினாலும் அவர் கையில் ஒரு ரூபாய் மிஞ்சாது. மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்து விடியலில் போகிற ஊரில் எழுந்துபோய் மோட்டாரை நிறுத்துவதைவிடத் தானியங்கி ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டுத் தூங்குவதே மேல். ஆற்றுப்பாசனக்காரர் நிலை இதற்கு நேர்மாறு. அவருக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாது. முறை வரும்போது வயலை நிரப்பிக்கொள்ளாமல், மண் வெடிக்கட்டும் என்று காயவிட்டால், அடுத்த முறை தள்ளிப்போனால் என்ன செய்வார்? போதாததற்கு டெல்டாவில் பல இடங்களில் வயலுக்கு வயல் பாய்கிற நீர்தான். மேல் வயல்காரர் மடையைத் திறந்தால் கீழ் வயல் நிரம்பும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்பது மடை தன் கையில் இருக்கிறவருக்கான உபதேசம். தண்ணீர் மிச்சத்தால் பலன் பெறுவது வாய்க்காலும் நிலத்தடி நீரும் கடைமடையும். அந்தப் பலனுக்காக உழைக்கச் சொல்லப்படுகிறவர் தலைமடைக்காரர்.

சொட்டுநீர்ப் பாசனத்தை இதோடு ஒப்பிட்டால் விஷயம் தெளிவாகும். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். மானியத்துக்காகப் போட்டு, உப்பு அடைத்து, எலி கடித்து, சுருட்டி வரப்பில் கிடக்கும் குழாய்களை எந்த மாவட்டத்திலும் பார்க்கலாம். அதே மாநிலத்தில் போர்வெல் 800 அடி போயும் அரை அங்குலம் தண்ணீர் மட்டும் வருகிற மேற்கு மாவட்ட ஊர்களில், கைக்காசு போட்டாவது சொட்டுநீரைப் பராமரிக்கிறார்கள். அங்கே மிச்சமாகும் ஒவ்வொரு வாளியும் இன்னும் பத்து சென்ட் காய்கறி. குழாய் ஒன்றுதான்; பலன் போய்ச் சேரும் இடம் வேறு.

இனி மடகாஸ்கர். பிறந்த ஊரிலேயே இந்த முறை நிற்கவில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கிறிஸ்டின் மோசர், கிறிஸ்டபர் பேரட் இருவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அவர்கள் பார்த்த ஊர்களில் முயன்றவர்களில் சராசரியாக 40 சதவீதம் பேர் கைவிட்டிருந்தார்கள். விளைச்சல் கூடவில்லை என்பதாலா? இல்லை, கூடியிருந்தது. நடவு நடக்கும் மாதங்கள் அங்கே வீட்டில் நெல் தீர்ந்துபோகும் மாதங்கள். ஏழை விவசாயி அந்த நேரத்தில் அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போனால்தான் அன்றைக்குச் சோறு. தன் வயலில் கூடுதல் உழைப்பைப் போட்டால் அறுவடையில் கூடுதல் நெல் வரும்; ஆனால் அது நாலைந்து மாதம் கழித்து. வெளியிலிருந்து எதையும் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லாத, ஏழைக்கென்றே அமைந்த முறை என்று இதைச் சொன்னோம். அது கேட்ட ஒரே முதலீடு உழைப்பு. ஏழையிடம் அந்த மாதத்தில் விற்பதற்கு இருந்த ஒரே சரக்கும் அதுதான். இந்த ஆய்வைப் படித்த பிறகு 'செலவில்லாத தொழில்நுட்பம்' என்று யார் சொன்னாலும், எந்த மாதத்தில் செலவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

காசு எப்போது கையில் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குக் கென்யாவிலிருந்து ஒரு சான்று. எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீமர், ஜொனாதன் ராபின்சன் மூவரும் மேற்குக் கென்ய மக்காச்சோள விவசாயிகளிடம், அறுவடை முடிந்து காசு இருக்கும்போதே அடுத்த போகத்து உரத்துக்குப் பணம் கட்டினால் வீட்டுக்கே இலவசமாகக் கொண்டுவந்து தருகிறோம் என்று ஏற்பாடு செய்து பார்த்தார்கள். உரம் போட்டவர்கள் எண்ணிக்கை கண்கூடாக ஏறியது. விலையில் பெரிய சலுகை ஏதுமில்லை. கேட்ட நேரம் சரியாக இருந்தது. நம் ஊரிலும் தைமாதம் நெல் போட்டுக் காசு வந்த வாரத்தில் பேசினால் நடக்கும் காரியம், ஆடியில் நகையை அடகு வைத்துக்கொண்டிருக்கும்போது பேசினால் நடக்காது.

நிலக் குத்தகை பற்றியும் ஒரு வார்த்தை. டெல்டாவில் கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூரில் இருப்பவர்களின் நிலம் என்று சாகுபடி செய்பவர் பெயரில் இல்லாத நிலம் ஏராளம். பெரும்பாலும் வாய்மொழிப் பேச்சு. பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழு, தொழுவுரம் போடு, நிலத்தை மட்டம் செய் என்பதெல்லாம் இரண்டு மூன்று வருஷத்தில் பலன் தரும் வேலைகள். அடுத்த வருஷம் நிலம் தன்னிடம் இருக்குமா என்று தெரியாதவர் யூரியா மூட்டையைத்தான் நம்புவார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

இதற்கு எதிர்ப்பக்கம் நெல் அறுவடை இயந்திரம். யாரும் முகாம் போடவில்லை, கலைநிகழ்ச்சி நடத்தவில்லை, பெயர் சூட்டவில்லை. இருபது முப்பது ஆண்டுகளுக்குள் டெல்டாவில் கையறுப்பு அபூர்வமாகிவிட்டது. வைக்கோல் நசுங்கி வீணாகிறது என்று விவசாயிக்குத் தெரியும். ஈர வயலில் டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிக்கு மணிக்கணக்கில் கூடுதல் வாடகை என்றும் தெரியும். அப்படியும் ஏன் ஏற்றார்? சொந்தமாக வாங்க வேண்டியதில்லை, வெளிமாவட்டத்திலிருந்து வண்டியே வயல் தேடி வருகிறது. அவர் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை, ஓட்டுபவர் கற்றிருந்தால் போதும். காலையில் நின்ற பயிர் மாலையில் மணியாகிவிடுகிறது. வாடகையை அறுத்த நெல்லிலிருந்தே கொடுக்கலாம். தைமாதம் மழை மிரட்டும்போது பத்து நாள் ஆளுக்காகக் காத்திருக்கும் பயம் போய்விடுகிறது. இதில் வேலை இழந்தவர்கள் நிலமற்ற கூலிக்காரர்கள். முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நடவுப் பெண்கள் இல்லாமல் ஒற்றை நாற்று நடக்காது, அதனால் அவர்களுடைய தயக்கத்துக்கு எடை இருந்தது. அறுப்புக்காரர்கள் இல்லாமல் அறுவடை நடக்கும் என்றானதும் அவர்கள் எதிர்ப்புக்கு எடை இல்லாமல் போயிற்று.

விதையில் ஓர் உதாரணம்: வெள்ளத்தில் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கும் ஸ்வர்ணா சப்-1. இந்தியாவில் 2009-ல் வெளியானது. ஒடிசாவில் சில விவசாயிகளுக்கு மட்டும் இந்த விதையைக் கொடுத்து, கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டு நடந்த ஆய்வு 2016-ல் வெளிவந்தது. வெள்ளத்தில் பயிர் தப்பியதைவிட அதில் எனக்குச் சுவாரஸ்யமாகப் பட்டது வேறு: மூழ்கினாலும் போகாது என்ற தெம்பு வந்ததும் அவர்கள் உரம் கூட்டினார்கள், விதை தெளிப்பதை விட்டு நடவுக்கு மாறினார்கள், கூடுதல் பரப்பில் பயிரிட்டார்கள். அதுவரை யார் சொல்லியும் செய்யாததை, நட்டப் பயம் குறைந்ததும் தாமாகவே செய்தார்கள். நம் டெல்டாவில் சிஆர் 1009 சப்-1 அதே மரபணுவோடு வந்தது. பழகிய ரகம், பழகிய வயது. வேலையில் எந்த மாற்றமும் கேட்காமல் ஆபத்தை மட்டும் குறைத்தது. ஒற்றை நாற்று நடவு சராசரி விளைச்சலைக் கூட்டியது, கூடவே கெட்ட வருஷத்தின் அடியையும் கூட்டியது. சராசரியைப் பார்ப்பது ஆராய்ச்சியாளர் வேலை. கூட்டுறவு வங்கிக் கடனும் அடகு நகையும் உள்ளவர் கெட்ட வருஷத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

ஆனால் 'கைவிட்டார்கள்' என்று நாம் சொல்வதிலேயே ஒரு பிழை இருக்கிறது. அவர்கள் முறையை முழுசாக எடுக்கவும் இல்லை, முழுசாக விடவும் இல்லை. பிரித்துப்போட்டு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். குத்துக்கு ஒன்று நிற்கவில்லை. ஆனால் ஏழெட்டு வைத்தவர்கள் இரண்டு மூன்றுக்கு இறங்கினார்கள். சதுர நடவு போய்விட்டது. ஆனால் விதையளவு பல இடங்களில் குறைந்தது. எல்லாவற்றையும்விட நிலைத்தது பாய் நாற்றங்கால். நடவு இயந்திரத்துக்கு வேண்டியதும் அதே பாய் நாற்றுதான், வயதும் ஏறக்குறைய அதேதான். ஆள் கிடைக்காமல் போனதும், இயந்திர நடவுக்கு அரசு மானியமும் வந்ததும், ஒற்றை நாற்றுக்காகப் பாய் நாற்று விடக் கற்றிருந்தவர்கள் இயந்திரத்துக்கு எளிதாக மாறினார்கள். சிலர் தட்டில் நாற்று வளர்த்து விற்பதையே தொழிலாக்கிக்கொண்டார்கள். நாற்று தயாரிப்பு, நடவு இரண்டையும் சேர்த்து ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசுபவர் வந்ததும், விவசாயியின் தலையிலிருந்த பதினான்காம் நாள் கவலை அந்த ஒப்பந்தக்காரரின் தலைக்கு மாறியது. இயந்திரம் வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர் விடும், குத்துக்குக் குத்து நெருக்கமாக வைக்கும். லௌலானி பார்த்தால் இது என் முறை இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். விவசாயிக்கு அந்தக் கவலை கிடையாது. திட்டப் பதிவேட்டில் மட்டும்தான் எது செம்மை, எது செம்மையில்லை என்ற பிரச்சினை. வரிசையாக நட்டதையெல்லாம் செம்மை நடவுக் கணக்கில் ஏற்றிய வருஷங்களும் உண்டு, அதனால் எத்தனை ஏக்கர் ஏறியது, எத்தனை இறங்கியது என்ற எண்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

விளைச்சல் எண்களிலும் கவனம் வேண்டும். பயிர் அறுவடைப் பரிசோதனை என்பது 5 மீட்டருக்கு 5 மீட்டர் துண்டு அறுத்து எக்டேருக்குப் பெருக்குவது. செயல்விளக்கத் திடலுக்கு இலவச இடுபொருள், அலுவலரின் அடிக்கடி வருகை, சாலையோர நல்ல நிலம் எல்லாம் உண்டு. பக்கத்து வயல்காரர் அதை நன்றாகக் கவனித்திருப்பார். "அது சர்க்கார் வயல், விளையத்தான் செய்யும்" என்று அவர் சொல்வதில் கிண்டல் பாதி, புள்ளியியல் பாதி. அவர் நம்பும் எண் கொள்முதல் நிலையத்தில் எத்தனை சிப்பம் இறங்கியது என்பதுதான். அதிலும் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பியனுப்பாமல் இறங்கியது எத்தனை என்பது.

இப்போது டெல்டாவில் அடுத்த சுற்று ஓடிக்கொண்டிருக்கிறது. நாகப்பட்டினம், திருவாரூர்ப் பக்கம் கடைமடையில் தண்ணீர் தாமதமாக வரும் என்று தெரிந்தே சம்பாவுக்குப் புழுதியில் நேரடியாக விதைக்கிறார்கள். நாற்றங்காலே இல்லை, நடவாளும் வேண்டாம், விதை மட்டும் கூடுதல். விளைச்சல் நடவு வயலைவிடக் குறைந்தாலும் கவலைப்படாமல் செய்கிறார்கள். முறை நிற்குமா என்பதை முடிவு செய்யப்போவது களை. தண்ணீர் தேங்காத புழுதி வயலில் நெல்லோடு சேர்ந்தே களையும் முளைக்கிறது. முளைக்கும் முன் அடிக்க வேண்டிய களைக்கொல்லிக்கு மண்ணில் சரியான ஈரம் வேண்டும், அந்த ஈரம் மழையின் கையில் இருக்கிறது. வேளாண் அலுவலர்கள் இந்த முறையின் விளைச்சலைப் பற்றிக் கேட்கிறார்கள். விவசாயிகள் என்னிடம் கேட்பது வேறு: விதைத்த மூன்றாம் நாள் மருந்து அடிக்க வேண்டியிருக்கிறது, அன்றைக்கு மழை பெய்தால் என்ன செய்ய?